காலாண்டு விடுமுறையில் துருவ ஒளி

மதுரை திருநகரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், அறுபத்தைந்து வயதில் அம்மா. துருவ ஒளியை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அரையாண்டு விடுமுறையில் நார்வேயின் ட்ரோம்ஸோவுக்கு மூன்று இரவுத் திட்டம் ஒன்றை ஒரு டூர்க்காரர் கொடுத்திருக்கிறார். போகலாமா? லடாக்கில்கூடத் தெரிந்தது என்றார்களே, கொடைக்கானலில் தெரியாதா?"

அரையாண்டு விடுமுறை வேண்டாம், காலாண்டு விடுமுறையில் போங்கள். ட்ரோம்ஸோவை விட்டுவிட்டு ஃபின்லாந்தின் வடகோடியில் இருக்கும் இனாரி ஏரிப் பக்கம் போங்கள். மூன்று இரவு போதாது, ஐந்து இரவாவது தங்குங்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் இது பல வருடச் சேமிப்பைக் கொட்டிச் செய்கிற பயணம், அம்மாவையும் கூட்டிப்போகிறீர்கள். அதனால் காரணங்களையும் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் பல வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பின்லாந்து, நார்வே இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தவன்.

முதலில் கொடைக்கானல். அங்கே தெரியாது. சூரியனிலிருந்து புறப்பட்டு வரும் மின்னேற்றம் கொண்ட துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைக் கலைக்கின்றன. அதில் முடுக்கிவிடப்பட்ட எலெக்ட்ரான்கள் காந்தக் கோடுகளின் வழியே கீழே இறங்கி வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது அங்குள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஒளிர்கின்றன. காந்தக் கோடுகள் தரையை நோக்கிச் செங்குத்தாக இறங்குவது துருவங்களின் பக்கத்தில். நம் பக்கம் அவை தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கின்றன. அவை முழுக்கப் படுத்துக் கிடக்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டித்தான் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் அங்கே கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும், 1963இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் தொடங்கியதும் இந்தக் கோட்டுக்காகத்தான். அந்த வகையில் துருவ ஒளிக்கு உலகத்திலேயே எட்டாத தூரத்தில் இருக்கிற ஊர்களில் மதுரையும் ஒன்று.

லடாக் விஷயம் உண்மைதான். 2024 மே 10, 11 தேதிகளில் வந்த காந்தப் புயல் 2003க்குப் பிறகு வந்ததிலேயே பெரியது. அந்த இரவு ஹான்லே வானாய்வகத்தின் கேமராக்களில் அடிவானத்தை ஒட்டிச் சிவப்பு ஒளி பதிவானது. ஏன் சிவப்பு மட்டும்? பச்சை ஒளி தரையிலிருந்து சுமார் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் உண்டாகிறது. சிவப்பு அதற்கும் மேலே, 200 கிலோமீட்டரைத் தாண்டி உண்டாகிறது. அவ்வளவு உயரத்தில் இருப்பதால் வெகுதூரம் தெற்கே இருப்பவர்களுக்கும் அதன் மேல்முனை அடிவானத்துக்கு மேல் எட்டிப்பார்க்கிறது. 1872 பிப்ரவரி 4 அன்று வந்த பெரும்புயலின்போது பம்பாயிலேயே துருவ ஒளி தெரிந்ததாகப் பதிவு இருக்கிறது. இப்படிப்பட்ட இரவை நம்பி யாரும் டிக்கெட் போட முடியாது. ஹான்லேவில் 2024இல் தெரிந்ததும் கேமராவின் நீண்ட பதிவில்தான் பளிச்சென்று வந்தது. அம்மா பார்க்க ஆசைப்படுகிற, வானத்தில் திரைச்சீலை போல ஆடும் பச்சை ஒளி அங்கே விரியவில்லை.

ஆனாலும் புறப்படுவதற்கு முன்னால் பிள்ளைகளைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப்போங்கள். 1899இல் தொடங்கியது. சூரியப் புள்ளிகளில், அதாவது சூரியன்மேல் தெரியும் கருந்திட்டுகளில், வாயு வெளிப்புறமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது அங்கேதான். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். துருவ ஒளியைக் கிளப்பிவிடும் பெரும் வெடிப்புகள் பெரும்பாலும் அந்தப் புள்ளிக் கூட்டங்களிலிருந்துதான் கிளம்புகின்றன. இதைத் தெரிந்துகொண்டு போகிற பிள்ளை அங்கே வானத்தைப் பார்க்கிற விதமே வேறாக இருக்கும்.

சரி, எங்கே போவது? வடக்கே போகப் போகத் துருவ ஒளி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குடம் சுமக்கிறவர்கள் தலையில் வைக்கிற சும்மாடு மாதிரி, காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாக அது நிற்கிறது. வளையத்தின் நடுவில் ஒளி குறைவு. ஸ்வால்பார்ட் தீவுகள் 78 டிகிரி வட அட்சரேகையில் இருந்தும் அங்கே இரவு நேரத்தில் ட்ரோம்ஸோ அளவுக்குத் தெரியாததற்கு இதுவே காரணம். அந்த வளையமும் நேராக உட்கார்ந்திருக்கவில்லை, கனடாப் பக்கம் சாய்ந்திருக்கிறது. கனடாவின் யெல்லோநைஃப் 62.5 டிகிரியில் இருந்துகொண்டே வளையத்துக்கு நேர்கீழே வந்துவிடுகிறது. ஐரோப்பாவில் அதே வாய்ப்பு வேண்டுமென்றால் 67, 68 டிகிரிக்குப் போக வேண்டும். ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி 60 டிகிரி. அங்கே தங்கிக்கொண்டு பார்த்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

வளையத்துக்கு அடியில் போய்விட்டால் மீதி எல்லாம் மேகத்தின் கையில். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். துருவ ஒளி பார்க்காமல் திரும்புகிறவர்களில் பெரும்பாலோரை ஏமாற்றுவது சூரியன் இல்லை, மேகம்தான். ட்ரோம்ஸோ அருமையான ஊர். 69.6 டிகிரி, கடல் நீரோட்டத்தின் புண்ணியத்தில் குளிரும் அவ்வளவு கடுமை இல்லை, விமான வசதி உண்டு. ஆனால் அதே கடல்தான் மேகத்தையும் கொண்டுவருகிறது. அங்குள்ள வழிகாட்டிகள் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தெளிந்த வானத்தைத் தேடி மலை தாண்டி, சில இரவுகளில் ஃபின்லாந்து எல்லைவரை ஓட்டுகிறார்கள். போக வர இரவு முழுக்கப் பயணம். இளவட்டங்களுக்குச் சரி, அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு அது சிரமம்.

உள்நாட்டுப் பக்கம் வானம் பொதுவாக இன்னும் கொஞ்சம் ஒத்துழைக்கும். ஸ்வீடனில் அபிஸ்கோ என்ற சின்ன ஊர் இதற்குப் பேர்போனது. நார்வே மலைகள் மேற்கிலிருந்து வரும் ஈரத்தைத் தடுத்துவிடுவதால் மலைக்கு இந்தப் பக்கம் மழைமறைவு. தேனிப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவை நாம் பார்க்கிறோம் இல்லையா, அதே கதைதான். ஸ்வீடனின் கிருனாவிலிருந்து நார்வேயின் நார்விக் போகிற ரயில் அபிஸ்கோவில் நிற்கும். ஆனால் தங்கும் இடங்கள் குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஃபின்லாந்தின் இனாரி, சாரிசெல்கா, இவாலோ வட்டாரத்தை நான் சிபாரிசு செய்வது இதனால்தான். ஹெல்சிங்கியிலிருந்து இவாலோவுக்கு நேரடி விமானம் உண்டு. ஏரிக்கரையில் சமையலறையோடு தனித்தனி மரவீடுகள் வாடகைக்குக் கிடைக்கும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும். அம்மா உள்ளே கணப்பில் இருக்கலாம், ஒளி வந்ததும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகள் ரோவனியேமி கேட்பார்கள், கிறிஸ்துமஸ் தாத்தா கிராமம் அங்கேதான் இருக்கிறது. போகும் வழியில் ஒரு நாள் தங்கிக்கொள்ளுங்கள். ஹெல்சிங்கியிலிருந்து இரவு ரயில் இருக்கிறது, படுக்கை வசதியோடு. துருவ ஒளிக்கு மட்டும் அந்த ஊரை நம்பாதீர்கள். நகர வெளிச்சம் அதிகம், வளையத்தின் தெற்கு ஓரம். அங்கிருந்து இனாரிக்குச் சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல்.

ஐஸ்லாந்து முழு நாடும் வளையத்துக்கு அடியில்தான் இருக்கிறது. அருவி, எரிமலை, பனிமலை என்று பகலிலும் பார்க்க ஆயிரம் உண்டு. வானிலை மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். துருவ ஒளி கிடைத்தால் கிடைக்கட்டும், ஊரைப் பார்ப்போம் என்கிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. யெல்லோநைஃப், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் இரண்டிலும் வானம் இன்னும் தெளிவு, ஆனால் ஜனவரியில் யெல்லோநைஃப் மைனஸ் 30க்குப் போவது சாதாரணம். அமெரிக்காவிலோ கனடாவிலோ சொந்தக்காரர்கள் இருந்தால் யோசிக்கலாம். ரஷ்யாவின் முர்மான்ஸ்குக்கு இ-விசா சுலபம் என்பதால் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் போகிறார்கள். இப்போதைய போர்ச்சூழலில் பிள்ளைகளோடு போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மெல்பர்னிலோ நியூசிலாந்திலோ அண்ணன் தம்பி இருந்தால் தென்துருவ ஒளி என்று ஒன்றும் இருக்கிறது. டாஸ்மேனியா, நியூசிலாந்தின் தென்கோடி, அதற்கு நல்ல மாதம் மார்ச் முதல் செப்டம்பர்.

இனி எப்போது என்பது. இங்கே நம் பள்ளி நாட்காட்டியை வைத்தே பேசலாம், குடும்பம் நகர்வதே அதை வைத்துத்தானே. ஏப்ரல், மே கோடை விடுமுறை இதற்கு உதவாது. ட்ரோம்ஸோவில் மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை. ஏப்ரல் பாதிக்கு மேலேயே இரவு சரியாக இருட்டாது. ஒளி மேலே ஆடிக்கொண்டுதான் இருக்கும், வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆகஸ்ட் கடைசியில் இருட்டு திரும்பி வருகிறது, ஏப்ரல் முதல் வாரம் வரை பருவம்.

டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை. இரவு நீளம்தான், அதை மறுக்கவில்லை. இனாரியில் அப்போது சூரியன் அடிவானத்துக்கு மேலேயே வராது. ஆனால் கிறிஸ்துமஸ் கூட்டத்தால் ஃபின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்தில் விடுதி வாடகை உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். மேகம் மூடியே கிடக்கும் நாட்கள் அதிகம். தரையெல்லாம் உறைபனி, வழுக்கி விழுந்தால் அம்மாவுக்கு இடுப்பெலும்பு. மைனஸ் 20இல் அரைமணி நேரம் நிற்பதற்கே நமக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

காலாண்டுத் தேர்வு முடிந்து செப்டம்பர் கடைசி வாரத்தில் விடுகிற விடுமுறையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அதுதான் பொன்னான வாரம். செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமமாகும் சமயம் காந்தக் கலக்கங்கள் கூடுகின்றன. மார்ச்சிலும் அப்படியே. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள்களோடு, அதாவது சூரியக் காற்றோடு, வரும் காந்தப்புலமும் பூமியின் காந்தப்புலமும் அந்த நாட்களில் ஒன்றோடொன்று சுலபமாக இணைகிற கோணத்தில் நிற்பதுதான் காரணம் என்று ரஸ்ஸல், மெக்பெரோன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1973இல் விளக்கினார்கள். அதனால் சாதாரணச் சூரியக் காற்றே போதுமான வேலை செய்துவிடும். இரவு ஒன்பது மணிக்கெல்லாம் நல்ல இருட்டு. ஏரி உறைந்திருக்காது, மேலே ஆடுகிற பச்சை கீழே தண்ணீரிலும் ஆடும். பிர்ச் மரங்களின் மஞ்சள் இலைகள் உதிர்கிற காலம் அது. தரையில் பனிக்கட்டி பெரும்பாலும் இருக்காது, குளிர் பூஜ்யத்தை ஒட்டி. கொடைக்கானல் மார்கழியைத் தாங்கிய உடம்பு இதையும் தாங்கும்.

குறை ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது வெண்பனி இருக்காது. நாய் இழுக்கிற சறுக்குவண்டி, பனிப்பொம்மை இதெல்லாம் கிடைக்காது. கலைமான்கள் மட்டும் சாலையிலேயே நிற்கும். பனி வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றால் மார்ச்தான் சரியான மாதம்: பனியும் உண்டு, வானமும் குளிர்காலத்திலேயே தெளிவானது, பகலும் நீளம். ஆண்டுத் தேர்வு நெருங்குமே என்பதுதான் சிக்கல். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனபின் பெரியவர்கள் மட்டும் போகிற வீடுகளுக்கு நான் எப்போதும் மார்ச்சைத்தான் சொல்வேன்.

எத்தனை இரவு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, ஓர் இரவில் பார்க்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவும் கைவிடும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஐந்து இரவு என்றால் முப்பத்திரண்டில் ஒன்று. உண்மையில் மேகம் வந்தால் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்துவிடும், அதனால் மூன்று இரவுத் திட்டம் இந்தக் கணக்கு காட்டுவதைவிட மோசம். டூர் திட்டங்களில் முதல் இரவு பயணக் களைப்பில் போகும், மூன்றாவது இரவு விடியற்காலை விமானத்துக்காகச் சீக்கிரம் தூங்கச் சொல்வார்கள். கையில் மிஞ்சுவது ஒரே இரவு. ஒளி கட்டாயம் தெரியும் என்று யாராவது உறுதி கொடுத்தால் அந்த உறுதிக்கு என்ன அர்த்தம் என்று எழுத்தில் கேளுங்கள். வானத்துக்கு யாரும் ஜவாப்தாரி ஆக முடியாது. ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்து ஓரிடத்தில் இரவுகளைக் கூட்டுவதுதான் நாம் செய்யக்கூடியது.

சூரியன் உச்சத்தைத் தாண்டிவிட்டதே, இனிப் போய் என்ன பயன் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. சூரியச் செயல்பாடு சுமார் பதினோரு வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். இப்போதைய சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கி 2024 கடைசி வாக்கில் உச்சம் தொட்டது. இறங்குமுகத்திலும் பல வருடங்கள் துருவ ஒளிக்கு நல்ல காலம்தான். அப்போது சூரியனின் மேல்வளியில் திறப்புகள் விழுந்து, அவற்றிலிருந்து வேகமான காற்று வீசும். சூரியன் நம் பார்வையில் 27 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதால், அதே திறப்பு மறுபடி நம் பக்கம் திரும்பும்போது மறுபடி ஒளி வரும். உச்சமும் தாழ்வும் லண்டனில் இருப்பவருக்குப் பெரிய வித்தியாசம். இனாரிக்குப் போகிறவருக்கு அவ்வளவு இல்லை.

போனில் செயலிகள் கேபி எண் என்று ஒன்றைக் காட்டும். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை. ஒன்று, இரண்டு என்று காட்டினால் மனம் தளர்ந்து தூங்கப் போய்விடாதீர்கள். அந்த எண் வளையம் எவ்வளவு தெற்கே பரவியிருக்கிறது என்பதைத்தான் முக்கியமாகக் காட்டுகிறது. வளையத்துக்கு அடியிலேயே இருக்கிற உங்களுக்கு இரண்டே தாராளம். அதைவிட, சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருக்கிறதா என்பதைப் பாருங்கள். பிஇசட் என்று குறிப்பார்கள், அது மைனஸில் இறங்கி அங்கேயே நின்றால் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகலாம். இந்த அளவு பூமியிலிருந்து சூரியன் பக்கம் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, விண்கலம் பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றக்கூடிய எல்1 புள்ளியில் நிற்கும் விண்கலங்களிலிருந்து வருகிறது. அங்கே அளந்த காற்று நம்மை வந்தடைய அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம், அவ்வளவுதான் முன்னறிவிப்பு. நம் ஆதித்யா எல்1 கலமும் 2024 ஜனவரி 6 முதல் அதே புள்ளியைச் சுற்றி நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கேபியைவிட அதிக நேரம் மேக வரைபடத்தில் செலவிடுங்கள்; நார்வே வானிலைத் துறையின் தளம் அந்தப் பகுதி முழுவதற்கும் நன்றாக இருக்கும்.

இரவு ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை விழித்திருக்கத் திட்டமிடுங்கள். பிற்பகலில் எல்லோரும் ஒரு தூக்கம் போட்டுவிட வேண்டும். முதலில் வடக்கே சாம்பல் நிறத்தில், மெல்லிய மேகம் போல ஒரு பட்டை தெரியும். பலர் அதை மேகம் என்றே நினைத்து உள்ளே போய்விடுவார்கள். போனை அதன் பக்கம் காட்டி இரவுப் பதிவில் ஒரு படம் எடுங்கள், பச்சையாக வந்தால் அதுதான். நம் கண் மங்கலான வெளிச்சத்தில் நிறத்தைச் சரியாகப் பிரிக்காது, கேமரா சில விநாடிகள் ஒளியைச் சேர்த்து எடுப்பதால் நிறம் தூக்கலாக வரும். படங்களில் பார்த்த பச்சையை முதல் நிமிடத்தில் எதிர்பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிறகு அந்தப் பட்டை பிரகாசமாகி, நெளிந்து, சட்டென்று வானம் முழுக்க உடைந்து பரவும். அந்த நேரத்தில் பச்சை கண்ணுக்கே நன்றாகத் தெரியும், வேகமாக ஆடும்போது அடி விளிம்பில் நைட்ரஜனின் இளஞ்சிவப்பு ஓடும். பத்து இருபது நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கியதும் போய்ப் படுத்துவிடாதீர்கள், ஓர் இரவில் இது இரண்டு மூன்று முறைகூட நடக்கும்.

கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. அம்மாவுக்குக் கண்புரை இருந்தால் போவதற்குப் பல மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். கண் வைத்தியத்துக்குப் பேர்போன ஊரில்தானே இருக்கிறோம். புரையோடு போனால் மங்கலான ஒளியெல்லாம் கலங்கலாகத்தான் தெரியும். பௌர்ணமியைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். மெல்லிய ஒளியை நிலா விழுங்கும், பலமான ஒளியை ஒன்றும் செய்யாது. தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அமாவாசைப் பக்கம் நல்லது.

உடையில் ஒரே விதி: உடம்பை ஒட்டிப் பருத்தி போடாதீர்கள். பருத்தி வேர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு குளிர்விக்கும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் தடித்த கம்பளி, வெளியே காற்றுப் புகாத சட்டை. காலணி ஓர் அளவு பெரிதாக, இரண்டு காலுறை போட்டாலும் விரல் அசைய வேண்டும். போன் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், உள்சட்டைப் பையில் வைத்திருங்கள்.

சாப்பாட்டுக்கு மரவீட்டுச் சமையலறை போதும், அரிசி கடைகளில் கிடைக்கும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, உப்புக்கண்டம் வேண்டாம். பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவரத் தடை இருக்கிறது.

விசா: ஃபின்லாந்துக்கு ஷெங்கன் விசா, ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவானது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாதி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கைரேகைக்கு அம்மாவையும் நேரில் கூட்டிப்போக வேண்டும் என்பதால் சென்னைப் பயணத்தையும் கணக்கில் வையுங்கள். செப்டம்பர் பயணத்துக்கு மே மாதமே விண்ணப்பம் கொடுத்துவிட்டால் நல்லது. கோடை விடுமுறைக்கு ஐரோப்பா போகிறவர்களின் நெரிசலில் நேர ஒதுக்கீடு கிடைப்பது இழுக்கும். பள்ளியில் இந்த ஆண்டு காலாண்டுத் தேர்வு எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டுச் சொல்லுங்கள், அமாவாசையையும் பார்த்து எந்த ஐந்து இரவு என்று குறித்துத் தருகிறேன்.